பழைய ஃபஸ் பெடலின் கைவேலை நகலுக்கு மூன்று மடங்கு விலை தகுமா?

கேள்வி இது: கிட்டாரின் ஒலியை மாற்றும் பெட்டிகளான பெடல்களில், சிறு தயாரிப்பாளர்கள் கையால் செய்யும் இரண்டின் மேல் எனக்குக் கண். ஒன்று ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் வகைப் பெடல், 1966-ம் ஆண்டு ஃபஸ் ஃபேஸின் மறு உருவாக்கம், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டது. இன்னொன்று, ஒலியை மென்மையாகக் கரகரக்க வைக்கும் கிளான் சென்டார் பெடலின் நகல். பெரிய கம்பெனிகள் விற்கும் அதே வகைப் பெடல்களைவிட இரண்டுமே மூன்று மடங்கு விலை. அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா? பின்னால் விற்க வேண்டி வந்தால் விலை நிற்குமா?

முதல் பெடலுக்குத் தகும், செய்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால். இரண்டாவதற்கு, ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால், தகாது. இரண்டும் கைவேலைதான், இரண்டும் ஒரே அளவு விலைதான். ஆனால் அந்தக் கைவேலை ஒன்றில் ஒலியைத் தீர்மானிக்கிறது, மற்றதில் தீர்மானிப்பதில்லை. நான் பல வருடங்களாகப் பெடல்களைப் பழுது பார்த்தும் கட்டியும் வருகிறேன். இந்த ஒரு வேறுபாடு புரியாமல் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபஸ் ஃபேஸிலிருந்து தொடங்கலாம். லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் கம்பெனி 1966-ல் கொண்டுவந்த பெடல் இது. மைக் ஸ்டாண்டின் வட்டமான அடிப்பாகம் போல இருக்கும். அடித்தட்டைக் கழற்றினால் முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு கொஞ்சமாகத்தான் உள்ளே இருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு பாட், ஒரு 9 வோல்ட் பேட்டரி. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலையில் கட்டி முடித்துவிடலாம். வரைபடத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. அப்படியானால் விலை எதற்கு?

அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குத்தான். முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தவை என்கேடி275 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். இன்றைய சிலிக்கான் டிரான்சிஸ்டரை எடுத்தால், அதன் குணங்களை அட்டவணையில் பார்த்து நம்பிக் கட்டலாம். ஜெர்மானியத்தில் அது நடக்காது. ஒரே எண் அச்சடித்த, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்றின் கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 60 இருக்கும், பக்கத்தில் இருப்பது 150 காட்டும். ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டோ இந்த எண்களைப் பொறுத்தே பாடும். முதல் டிரான்சிஸ்டர் 70, 80 பக்கத்திலும் இரண்டாவது 110 முதல் 130 வரையிலும் இருந்தால் நன்றாக வரும் என்பது கட்டுபவர்களின் நீண்ட அனுபவம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே ஒலி வேறாகிவிடும்.

கெயின் மட்டும் போதாது. ஜெர்மானியத்துக்குக் கசிவு என்று ஒரு வியாதி உண்டு. டிரான்சிஸ்டரின் உள்ளீட்டுக் காலான பேஸில் எதுவுமே கொடுக்காவிட்டாலும், வெளியீட்டுக் காலான கலெக்டர் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். மலிவான மல்டிமீட்டரில் இருக்கும் டிரான்சிஸ்டர் சோதனை, இந்த ஒழுகலையும் கெயின் என்று எண்ணிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸில் 4 மைக்ரோ ஆம்பியர் கொடுத்துச் சோதிக்கிறோம். கசிவு 200 மைக்ரோ ஆம்பியர். 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50. அதாவது மீட்டர் 120 என்று காட்டினால் உண்மையான கெயின் 70தான், மீதி 50 கசிவு. இது தெரியாமல் மீட்டரை மட்டும் நம்பிக் கட்டப்பட்ட ஃபஸ்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: "இரைச்சல் அதிகம், நோட்டு பாதியில் செத்துப்போகிறது."

அப்புறம் வெப்பம். சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நானே இதை நல்ல விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சிறு தயாரிப்பாளரிடம் அழகான பெடல் ஒன்று வாங்கினேன். உள்ளே ஒவ்வொரு கம்பியும் அளந்து வளைத்ததுபோல இருந்தது. வீட்டில் தேன் மாதிரி பாடியது. ஒரு கோடை மதியத்தில் திறந்தவெளி மேடையில் மூன்றாவது பாட்டிலேயே தொண்டை அடைத்ததுபோல ஆகிவிட்டது. திரும்பி வந்து அளந்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியின் பாதி, அதாவது 4.5 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். அது வெகுதூரம் விலகிப்போயிருந்தது. இரண்டு டிரான்சிஸ்டரையும் கழற்றிச் சோதித்தால், முதலாவதில் அளவுக்கு மீறிய கசிவு. கெயினைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் கசிவைப் பார்க்கவே இல்லை. கசிவு குறைவான ஒன்றைத் தேடிப் போட்டு, ஒரு ரெசிஸ்டரின் மதிப்பை மாற்றி 4.5-க்குக் கொண்டுவந்ததும் பெடல் உயிர் பெற்றது. இன்றும் அதைத்தான் வாசிக்கிறேன்.

நல்ல தயாரிப்பாளர் செய்வது இதைத்தான், வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்னாலேயே செய்வார். பழைய டிரான்சிஸ்டர்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றிலும் கசிவைத் தனியாகவும் கெயினைத் தனியாகவும் அளப்பார். பெரும்பகுதியை ஒதுக்கிவிடுவார். மிச்சத்தில் ஜோடி சேர்ப்பார். ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக பயாஸ், அதாவது நான் சொன்ன அந்தக் கலெக்டர் வோல்ட், சரிசெய்வார். பிறகு வாசித்துக் கேட்பார். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் காதுக்குப் பிடிக்காத ஜோடிகள் உண்டு, அவையும் திரும்பப் பெட்டிக்குள் போகும். இந்த வேலைக்கு நேரம் ஆகும், வீணாகும் டிரான்சிஸ்டர்களுக்கும் பணம் ஆகும். பெரிய ஆலையில் ஒரு பெடலுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது. நீங்கள் கொடுக்கும் மூன்று மடங்கில் நியாயமான பங்கு இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1966-ல் அந்தத் தொழிற்சாலையில் யாரும் இப்படி அளந்துகொண்டிருக்கவில்லை. கையில் வந்ததைப் போட்டுக் கட்டினார்கள். அதனால் அசல் ஃபஸ் ஃபேஸ்களில் சில தெய்வீகமாக இருக்கும், சில கேட்கவே முடியாது. நாம் இசைத்தட்டுகளில் கேட்டு மயங்கியது நன்றாக அமைந்துவிட்ட சிலவற்றின் ஒலி. ஆகவே கவனமாகச் செய்த மறு உருவாக்கம், சராசரி அசலைவிட நன்றாக ஒலிப்பதில் ஆச்சரியம் இல்லை. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலத்துப் பெடல் என்பதற்காக, கேட்காமலே ஓர் அசலுக்குப் பெருந்தொகை கொடுப்பது வாசிப்பவருக்குச் சரியான வழி இல்லை. சேகரிப்பவருக்கு அது வேறு கணக்கு.

ஒருவகையில் ஃபஸ் ஒலி பிறந்ததே இப்படி ஒரு கோளாறில்தான். நாஷ்வில்லில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்தது. 1961-ல் அந்தப் பாட்டு வெளியானதும் அந்த ஒலி எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை டிரான்சிஸ்டர்களால் உருவாக்கிக் காட்ட, கிப்சன் அதை 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைக் கொண்டு பதிவு செய்த பிறகுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதே ஆண்டு லண்டனில் கேரி ஹர்ஸ்ட், மேஸ்ட்ரோவைப் பார்த்து அதைவிட நீளமாக நோட்டு நிற்கும்படி டோன் பெண்டர் என்ற பெடலைச் செய்தார். ஆக, பழைய பெடலை எடுத்துத் திருத்திச் செய்யும் பழக்கம் நேற்று வந்ததில்லை.

ஃபஸ் ஃபேஸிலேயே பிற்காலத்தில் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வந்தன. ஒலி கூர்மையாகும், கெயின் கூடும், வெயிலுக்கு அசையாது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் வாசித்தது அந்த வகை. சிலிக்கான் மாடலின் மறு உருவாக்கத்துக்கும் ஜெர்மானியம் அளவுக்கே விலை கேட்டால் யோசியுங்கள். அதில் பொறுக்கி எடுக்கும் வேலை மிகக் குறைவு.

பிக் மஃப் என்ற ஃபஸ் பெடல் வேறு கதை. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் மைக் மாத்யூஸும் பாப் மையரும் உருவாக்கியது, 1969 வாக்கில் வந்தது. நான்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர், நடுவில் இரண்டு கட்டங்களில் டையோடுகள் ஒலி அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பாக்கும். இங்கே டிரான்சிஸ்டர் பொறுக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை "எந்த பிக் மஃப்?" என்பதுதான். ராம்ஸ் ஹெட் என்று எல்லோரும் ஒரே பெயரில் கூப்பிடும் 1970-களின் பெடலை இருபது எண்ணம் திறந்து பார்த்தால், ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகள் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். கையில் எது இருந்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே சிறு தயாரிப்பாளரின் உழைப்பு தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பல அசல்களைத் திறந்து, அளந்து, வாசித்து, "இதுதான்" என்று ஒன்றைப் பிடித்து, அதன் மதிப்புகளை அப்படியே எடுத்து வைப்பது. அப்படிச் செய்தவர் எந்த அசலிலிருந்து எடுத்தார் என்று தெளிவாகச் சொல்வார். "ராம்ஸ் ஹெட் ஒலி" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துபவரிடம் கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் இல்லை. ஏனென்றால் 2017-க்கும் 2019-க்கும் இடையில் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸே பச்சை ரஷ்ய மாடல், முக்கோண மாடல், ராம்ஸ் ஹெட் மாடல் எல்லாவற்றையும் சின்னப் பெட்டிகளில், எளிய விலைக்கு விட்டுவிட்டது. அவை நன்றாகவே இருக்கின்றன.

டியூப் ஸ்க்ரீமர் பெடலுக்கு வந்தால் நான் இன்னும் கண்டிப்பாகப் பேசுவேன். 1979 வாக்கில் ஐபனெஸ் பெயரில் வந்த அதன் டிஎஸ்808 மாடலின் மனசு, ஒலியைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப் சிப். சிப்பைச் சுற்றி ஃபீட்பேக் இருக்கிறது, அதாவது வெளியே வருவதில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போகிறது, எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை ரெசிஸ்டர்களே தீர்மானிக்கின்றன. டிரைவ் குமிழைக் குறைத்து வைத்தால் சுமார் 12 மடங்கு, முழுக்கத் திருகினால் சுமார் 118 மடங்கு. எந்தப் பெடலை எடுத்து அளந்தாலும் இதை ஒட்டித்தான் வரும். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறையும்படி வைத்ததால்தான் அந்த நடுத்தொனி முன்னே வந்து நிற்கிறது. அதுவும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் செய்யும் வேலை. பின்னால் வந்த டிஎஸ்9-க்கும் 808-க்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று பேசப்படுவது வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்: 808-ல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், டிஎஸ்9-ல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். சில காசு பெறும் பாகங்கள். "அந்தக் காலத்து ஜேஆர்சி4558 சிப்" என்பதற்காகப் பெரிய விலை கேட்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. ஒலி அளவைச் சமமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு சிப்பை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை.

சிப்பு உண்மையிலேயே ஒலியைத் தீர்மானிக்கும் பெடலும் உண்டு, அது ராட். 1970-களின் கடைசியில் மிச்சிகனின் கலமசூவில் ப்ரோகோ செய்தது. அதில் இருந்த எல்எம்308 மிக மந்தமான சிப். ஒரு மைக்ரோ வினாடிக்கு 0.3 வோல்ட்தான் ஏறும். டிஸ்டார்ஷனைக் கூட்டினால் ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கச் சொல்லும் சர்க்யூட் அது. சிப்பால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது, மேல் அலைவரிசைகள் தானாகவே மழுங்கும். ராட்டின் அந்தக் கனமான உறுமல் ஓரளவு இந்த இயலாமையிலிருந்து வருகிறது. வேகமான சிப்பைப் போட்டால் ஒலியில் கீறல் கூடும். ஆனால் இங்கேயும் ஓபி07 போல அதே மந்தமான வேறு சிப்கள் கிடைக்கின்றன. பழைய எல்எம்308 கிடைத்தால் சந்தோஷம், அதற்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம்.

சரி, கிளான். மாசச்சூசெட்ஸில் பில் ஃபினெகன் 1994-ல் விற்கத் தொடங்கியது. 2008 வரை சுமார் 8,000 பெடல்கள் செய்தார். அன்றைக்குச் சில நூறு டாலருக்கு விற்றது, இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாதபடி கருப்பு ரெசினை ஊற்றி மூடியிருந்தார். அந்த மூடலே ஒரு மர்மத்தை வளர்த்துவிட்டது. பிறகு ஆட்கள் பொறுமையாக ரெசினை அகற்றி, பாகம் பாகமாக வரைந்து, வரைபடத்தை வெளியிட்டார்கள். பார்த்தால் மிக அழகான வடிவமைப்பு. 9 வோல்ட்டை வாங்கி உள்ளேயே ஒரு சிப் மூலம் பிளஸ் 18, மைனஸ் 9 என்று விரிக்கிறது. அதனால் ஒலிக்குத் தலைக்கு மேல் நிறைய இடம் கிடைக்கிறது. கெயின் குமிழ் ஒரே தண்டில் இரண்டு பாட் கொண்டது. திருகத் திருக, கரகரப்பு கூடும்போதே சுத்தமான ஒலியின் பங்கையும் அது சேர்த்தே மாற்றுகிறது. அலையை வெட்ட இரண்டு ஜெர்மானியம் டையோடுகள். இவ்வளவையும் ஒருவர் காது கொடுத்து யோசித்துச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான் வருகிறது.

ஆனால் உங்கள் கேள்வி நகலைப் பற்றியது. இந்த சர்க்யூட்டில் ஒலியைத் தீர்மானிப்பது ஆப்-ஆம்ப்களும் சாதாரண ரெசிஸ்டர், கெபாசிட்டர்களும்தான். எல்லாம் இன்றும் அளவு மாறாமல் கிடைப்பவை. டையோடுகள் ஜெர்மானியம்தான், ஆனால் டிரான்சிஸ்டரில் பார்த்த அளவுக்குச் சிக்கல் இங்கே இல்லை. கெயினைக் குறைத்து வைத்து ஆம்பிளிஃபயரை உந்தித் தள்ளத்தான் பெரும்பாலோர் கிளானைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி வைத்தால் டையோடு கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. ஃபினெகனே 2012-ல் கேடிஆர் என்ற பெயரில் இதே பெடலைச் சின்னப் பெட்டியில், இயந்திரம் பொருத்தும் குட்டிக் குட்டிப் பாகங்களைக் கொண்டு வெளியிட்டார். வடிவமைத்தவரே கைவேலை இல்லாமல் செய்ய முடியும் என்று காட்டிய பிறகு, நகல் செய்பவர் கைவேலைக்காக மூன்று மடங்கு கேட்பதற்கு ஒலியின் பக்கத்திலிருந்து ஆதாரம் இல்லை. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் சோல் ஃபுட், வாம்ப்ளரின் டம்னஸ், ஜே. ராக்கெட்டின் ஆர்ச்சர் என்று இந்த வழியில் வந்தவை பல இருக்கின்றன. அவற்றுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. டிரம்மும் பேஸும் சேர்ந்துவிட்டால் அவை கரைந்துவிடும்.

நீங்கள் பார்த்த நகலிலும் ரெசின் ஊற்றி மூடியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் வாங்காதீர்கள் என்பேன். அசலை மூடியதில் ஒருவர் தன் சொந்தக் கண்டுபிடிப்பைக் காத்துக்கொண்டார். ஊருக்கே தெரிந்த வரைபடத்தை எடுத்துச் செய்துவிட்டு மூடுவதில் என்ன காக்கப்படுகிறது? ரெசினுக்குள் ஒரு கெபாசிட்டர் போனால் பழுது பார்க்கவே முடியாது. பொதுவாக, காப்புரிமை பெறாத அல்லது அது காலாவதியான சர்க்யூட்டை யாரும் செய்யலாம், பெயரையும் சின்னத்தையும்தான் எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்பவர்கள் "இது இன்னாருடைய வடிவமைப்பு, நான் இந்த இடத்தில் இப்படி மாற்றியிருக்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதையே நான் விரும்புகிறேன். அப்படிச் சொல்பவர்களின் பெடல்கள் பெரும்பாலும் உள்ளேயும் நேர்மையாக இருக்கின்றன.

பழைய மாதிரிக் கரி ரெசிஸ்டர், குறிப்பிட்ட நிறத்துக் கெபாசிட்டர், துணி சுற்றிய கம்பி, இவற்றுக்கும் விலை ஏற்றுவார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. கரி ரெசிஸ்டர் இரைச்சல் கூடுதல், வருடம் போகப் போக மதிப்பும் நகரும். அளவில் சமமாக இருந்தால் புதிய பாகம் அதே வேலையைச் செய்யும். பழைய பாகங்களில் போலிகளும் உண்டு, மேலே இருந்த எழுத்தை அழித்துவிட்டு அரிய டிரான்சிஸ்டரின் எண்ணை அச்சடித்து விற்கிறார்கள். பெயரைவிட அளந்த எண்ணே முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். என்கேடி275 என்று எழுதிய மோசமான ஒன்றைவிட, யாரும் கண்டுகொள்ளாத ஏசி128 ஜெர்மானியத்தில் நல்ல ஒன்று எவ்வளவோ மேல்.

இனி விற்கும்போது விலை நிற்குமா என்பது. பெரும்பாலான சிறு தயாரிப்பாளர்களின் பெடல்கள் மற்ற எந்தப் பழைய பொருளையும் போலத்தான் விலை இறங்கும். விலை நிற்பவை, காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பவை மட்டும். அனலாக் மேன் என்ற சிறு தயாரிப்பாளரின் கிங் ஆஃப் டோன் பெடலுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் பொறுமையில்லாதவர்கள் வாசித்த பெடலுக்குப் புதியதைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள். அது மார்ஷல் 1991-ல் விட்ட புளூஸ்பிரேக்கர் பெடலின் வழியில் வந்தது. காத்திருப்பின் விலையை ஒலியின் விலை என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியல் சுருங்கினால் அந்தக் கூடுதலும் சுருங்கும்.

அசல் கம்பெனி திரும்பி வந்து அதே பெடலை மறுபடி விட்டாலும் கணக்கு மாறும். பாஸ் கம்பெனியின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல் இதற்கு நல்ல உதாரணம். 1983-ல் வந்து 1991-ல் நின்றுபோனது. ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டல் குழுக்கள் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகி வாசித்ததால் அதன் ஒலிக்கு ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தது. பழைய பெடல் விலை ஏறியது, இடைவெளியை நிரப்பச் சிறு தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் மறு உருவாக்கங்களைச் செய்தார்கள். 2020-ல் பாஸே எச்எம்-2டபிள்யூ என்று திரும்பக் கொண்டுவந்தது. அதன் பிறகும் மதிப்போடு இருப்பவை அசலில் இல்லாத ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் செய்பவைதான். வெறும் நகல்களை யாரும் தேடுவதில்லை. மார்ஷலும் 2023-ல் தன் புளூஸ்பிரேக்கரைத் திரும்ப விட்டது. எனவே விலை நிற்கும் என்ற நம்பிக்கையில் மறு உருவாக்கம் எதையும் வாங்க வேண்டாம். வாசிப்பதற்காக வாங்குங்கள். சேமிப்பாக ஏதாவது வேண்டுமென்றால் அது அசல்களின் உலகம், அங்கே வேறு அறிவு வேண்டும். உதாரணமாக, பழைய அமெரிக்கப் பாட்களின் முதுகில் 1377340 போல ஓர் எண் இருக்கும். 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 73 ஆண்டு, 40 அந்த ஆண்டின் நாற்பதாவது வாரம். விற்பவர் சொல்லும் வருடத்தோடு இது பொருந்தவில்லை என்றால் மேலே பேசவே வேண்டியதில்லை.

கையில் வந்ததும் எப்படிச் சோதிப்பது? ஃபஸ் ஃபேஸ் வகையைக் கிட்டாரிலிருந்து நேராக முதல் பெடலாகச் செருகுங்கள். வேறு எந்தப் பெடலின் பஃபரும், அதாவது சிக்னலைத் தாங்கி அனுப்பும் இடைச் சர்க்யூட்டும், முன்னால் இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்த சர்க்யூட் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகக் கைகோத்து வேலை செய்கிறது. ஃபஸ்ஸை முழுக்கத் திருகிவிட்டு, கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 7-க்கு மெதுவாக இறக்குங்கள். நல்ல ஜெர்மானியம் ஜோடி என்றால் கரகரப்பு விலகி, மணி அடித்ததுபோல ஒரு தெளிவு வரும். இதற்காகத்தான் இந்தப் பெடலே. வெறுமனே சத்தம் குறைந்து மந்தமானால் ஜோடி சரியில்லை. அடுத்து ஒரு நோட்டை நீட்டி விட்டு அது அடங்குவதைக் கேளுங்கள். கடைசியில் திக்கித் திணறி அறுந்தால் பயாஸ் தள்ளியிருக்கிறது. பழைய முறையில் கட்டிய பிஎன்பி வகை ஜெர்மானியம் பெடல்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் தரை (கிரவுண்ட்), ஆகவே மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்க்கக் கூடாது. சாதாரண கார்பன்-ஜிங்க் பேட்டரியே போதும், எனக்கு அதில்தான் ஒலியும் பிடிக்கிறது.

இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் முதலில் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நமக்கு நன்றாக இருப்பதாகவே படும். நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். கிளான் நகலுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிய கம்பெனியின் பெடலை வாங்கிவிடுவேன். ஃபஸ் செய்பவருக்கு இன்றே எழுதி, அனுப்பப்போகும் பெடலின் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் கெயின் எவ்வளவு, கசிவு எவ்வளவு, கலெக்டரில் எத்தனை வோல்ட், எந்த வெப்பத்தில் அளந்தது என்று கேட்பேன். வெளியே திருகிச் சரிசெய்யும் பயாஸ் குமிழ் ஒன்று வைத்துத் தர முடியுமா என்றும் கேட்பேன், வெயில் காலத்தில் அது பெரிய உதவி. பதிலில் எண்கள் வந்தால் பணத்தை அனுப்பலாம். "பழைய மந்திரம்", "உண்மையான விண்டேஜ்" என்ற சொற்கள் மட்டும் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.